ரூப்குண்ட் எலும்புக்கூடு ஏரி: ஒரே நாளில் செத்தவங்க இல்லையா? டிஎன்ஏ உடைத்த கதை!

இமயமலையில் ஒரு சின்ன ஏரி. சுமார் 40 மீட்டர் அகலம்தான். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பனி மூடியே கிடக்கும். கோடையின் கடைசியில் பனி உருகும்போது பார்த்தால், கரையிலும் தண்ணீருக்கு அடியிலும் மனித எலும்புகள்! ஒன்று, இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள்.

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திரிசூல் சிகரத்துக்குக் கீழே, 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் ரூப்குண்ட் ஏரிதான் அது. பக்கத்தில் ஊர் கிடையாது. அப்போ இத்தனை பேர் அங்கே எப்படி வந்தாங்க?

ஜப்பான் படையா?

1942-ல் வனத்துறை அதிகாரி ஒருவர் இந்த எலும்புகளைப் பார்த்துச் சொன்னபோது, ஆங்கிலேய அரசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ரகசியமாக ஊடுருவிய ஜப்பான் வீரர்களோ என்ற சந்தேகம். ஆனால், எலும்புகள் ரொம்பப் பழசு என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

அந்தப் பகுதி மக்களிடம் வேறு கதை இருக்கிறது. கன்னோஜ் ராஜா ஒருவர் நந்தா தேவியைத் தரிசிக்க ஆட்டம், பாட்டம், நடனப் பெண்கள் என்று ஆடம்பரமாகக் கிளம்பி வந்தாராம். கோபம் கொண்ட தேவி, இரும்பு போன்ற ஆலங்கட்டிகளை வீசி மொத்தக் கூட்டத்தையும் அழித்துவிட்டாளாம்.

மண்டையில் விழுந்த அடி

2004-ல் ஏரிக்குப் போன ஆய்வுக் குழு சில மண்டை ஓடுகளில் விரிசல்களைக் கவனித்தது. மேலிருந்து விழுந்த உருண்டையான பொருளால் ஏற்பட்ட காயம் போலத் தெரிந்தது. ஆயுதக் காயம் மாதிரி இல்லை. கார்பன் டேட்டிங் முடிவு 9-ம் நூற்றாண்டைக் காட்டியது. ஆக, ஒரு யாத்திரைக் கூட்டம் ஒதுங்க இடமில்லாமல் பெரிய ஆலங்கட்டி மழையில் சிக்கி, ஒரே நாளில் செத்துப்போச்சு என்ற முடிவுக்கு வந்தார்கள். நாட்டுப்புறக் கதையும் அறிவியலும் கைகோத்த மாதிரி இருந்ததால், எல்லோரும் நம்பினார்கள்.

கிரேக்கத் தொடர்பு எப்படி?

2019-ல் வந்த ஆய்வுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஹைதராபாத் சிசிஎம்பி, லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்டு உள்ளிட்ட பல நிறுவனங்களின் விஞ்ஞானிகள் சேர்ந்து, 38 பேரின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள்.

இதில் 23 பேர் தெற்காசியர்கள். அவர்களும் ஒரே கூட்டம் கிடையாது, பல்வேறு வம்சாவளியினர். சுமார் 7 முதல் 10-ம் நூற்றாண்டுக்குள், ஒரே தடவையில் இல்லாமல் வெவ்வேறு சமயங்களில் இறந்திருக்கிறார்கள்.

அடுத்த 14 பேர்தான் பெரிய அதிர்ச்சி. அவர்களின் மரபணு இன்றைய கிரேக்கம், கிரீட் தீவு மக்களோடு நெருங்கிப்போகிறது. இறந்ததோ கி.பி. 1800-ஐ ஒட்டிய காலம்! அதாவது, முதல் குழுவுக்குச் சுமார் ஆயிரம் வருஷம் கழித்து. மீதி ஒருவர் தென்கிழக்கு ஆசிய வம்சாவளி. அவரும் இதே பிற்காலத்தவர்.

எலும்பில் பதிந்த உணவுத் தடயமும் இந்த 14 பேரைத் தனியாகக் காட்டியது. தெற்காசியர்களில் பலர் சிறுதானியம் சாப்பிட்டிருக்க, இவர்கள் உணவில் அது ரொம்பக் குறைவு. கோதுமை, பார்லி, அரிசி வகையே அதிகம்.

போர்ப்படையா? ஆண், பெண் இருபாலரும் இருக்காங்க. ஒரே குடும்பமா? சோதித்தவர்களில் நெருங்கிய உறவினர்கள் யாருமே இல்லை. தொற்றுநோயா? நோய்க்கிருமிகளின் டிஎன்ஏ சிக்கவில்லை.

பழைய குழுவில் சிலராவது யாத்ரீகர்களாக இருக்கலாம். நந்தா தேவி ராஜ் ஜாத் யாத்திரை இந்த ஏரி வழியாகத்தான் போகிறது. சுற்றுவட்டாரக் கோவில்களில் 8 முதல் 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் உண்டு. சிலர் ஆலங்கட்டி மழையில் இறந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆட்கள் இந்த மலைக்கு ஏன் வந்தாங்க என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கரையும் சாட்சிகள்

சோதித்தது 38 பேரை மட்டுமே. ஏரியில் கிடப்பது 300-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் என்று கணக்கிடப்படுகிறது. பதில் அந்த மீதி எலும்புகளில்தான் இருக்க வேண்டும். ஆனால், பாறைச் சரிவுகள் அவற்றை இடம் மாற்றிப் போட்டுவிட்டன. மலையேற வந்தவர்களோ எலும்புகளைக் குவித்து வைத்து போட்டோ எடுத்தார்கள்; சிலர் ஞாபகார்த்தமாக வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

14 கிரேக்கச் சாயல்காரர்களை அடையாளம் காட்டியதும் இப்படிக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்த எலும்புகள்தான். அவர்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் யாரோ வழி பார்த்துக் காத்திருந்திருப்பார்கள். பையில் போகும் ஒவ்வொரு எலும்போடும், அவர்கள் யார் என்று சொல்லக்கூடிய ஒரு சாட்சி காணாமல் போகிறது.