பூச்சி மருந்தும் தவிட்டு மூட்டையும்

கடைவீதிக்குச் சென்ற குடியானவர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. வீட்டிற்கு அரிசியும் மளிகைச் சாமானும், மாட்டிற்குத் தவிடும் பிண்ணாக்கும், பயிருக்குப் பூச்சி மருந்தும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். வழியில் மேடு பள்ளங்கள் அநேகம். மருந்துப் புட்டியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் போதும்; ஒழுகிய மருந்தைத் தவிட்டுச் சாக்கு உறிஞ்சிக்கொள்ளும். வீடு சேருமுன் ஈரம் காய்ந்துவிடும். விஷமோ உள்ளேயே தங்கிவிடும்.

இது வீண் அச்சமன்று. 1958-ஆம் வருஷத்தில் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் விஷங் கலந்த கோதுமை மாவுப் பண்டங்களை உண்டு மாண்டனர். பாராத்தியான் என்னும் கொடிய பூச்சி மருந்தும் உணவுப் பொருளும் கப்பலில் சேர்த்து ஏற்றப்பட்டு, மருந்து கசிந்து மாவில் கலந்ததே அதற்குக் காரணம். மாவை வாங்கியவர்களுக்கு அதில் விஷம் இருப்பதை அறிய வழியில்லை. இதனை விசாரிக்க நீதிபதி ஷா அவர்களின் தலைமையில் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. பின்னர் 1968-ல் பூச்சிகொல்லிச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் ஏற்பட்டன. பாராத்தியானும் பிற்காலத்தில் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது.

விதிகள் கூறுவன

உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ நேரே தொடும்படி பூச்சி மருந்தை ஏற்றிச் செல்லவும் கூடாது, சேமித்து வைக்கவும் கூடாது என்பது முதல் விதி. கட்டு உடைந்து மருந்து கலந்துவிட்ட உணவையும் தீவனத்தையும் தக்க அதிகாரிகள் பரிசோதிக்காமல் எவருக்கும் கொடுக்கலாகாது என்பது இரண்டாவது. வழியில் மருந்து ஒழுகினால், விஷம் பரவாமலும் மண்ணும் நீரும் கெடாமலும் உடனே தடுப்பது ஏற்றிச் செல்வோரின் பொறுப்பு என்பது மூன்றாவது.

அபாயகரமான பொருள்களை ஏற்றும் லாரிகளுக்கு 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் உண்டு. அவற்றின்படி சாரதி தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சரக்கின் தன்மையையும் விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதையும் விளக்கும் குறிப்பை வண்டியில் தன் அருகே வைத்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அடுத்துள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு அறிவித்தல் வேண்டும்.

குறியைப் பார்த்து அறிதல்

ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் சாய்ந்த சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் அதிக விஷமுள்ளது. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதனினும் குறைந்தது. பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சையும் உண்ணத்தக்கதன்று என்பதை மறக்கலாகாது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மூடி முத்திரை கெடாத, சீட்டுக் கிழியாத புட்டியையே வாங்குக. வேறு பாத்திரத்தில் ஊற்றி வாங்குதல் ஆகாது.

2. மருந்தைத் தனியே ஒரு வாளியிலோ மரப்பெட்டியிலோ நிமிர்த்தி வைத்து, ஆடாதபடி வைக்கோலால் அண்டை கொடுக்கவும். அந்த வாளியை வேறெதற்கும் உபயோகிக்கலாகாது.

3. அரிசி, தவிடு, பிண்ணாக்கு, விதை இவற்றுடன் ஏற்றாமல் மருந்துக்கு வேறு நடை செல்வதே உத்தமம்.

4. ஜனங்கள் நிறைந்த பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவதும், குழந்தைகள் அமர்ந்த வண்டியில் காலடியில் வைப்பதும் பெருந்தவறு.

ஒழுகிவிட்டால்

வண்டியை வாய்க்கால், கிணறு இவற்றினின்று விலக்கி நிறுத்தி, மனிதரையும் மாட்டையும் அப்புறப்படுத்துக. ஒழுகிய இடத்தில் உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ கொட்டி ஊறவிட்டு, கையுறையணிந்து மண்வெட்டியால் அள்ளிப் பத்திரப்படுத்துக. தண்ணீர் விட்டுக் கழுவினால் விஷம் வாய்க்காலுக்கே போய்ச் சேரும். உடம்பில் பட்டால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டு நிறைய நீரில் கழுவவும். அதிக வியர்வை, வாயில் நீரூறல், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் இவை கண்டால் கைவைத்தியத்தில் காலம் போக்காது, மருந்தின் சீட்டுடன் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிவிப்பது அச்சீட்டே.

நனைந்த தவிட்டை என் செய்வது? வெயிலில் உலர்த்தி மாட்டிற்கு வைக்கலாமென்று சிலர் எண்ணக்கூடும். மேலே உள்ளதை நீக்கி அடியில் உள்ளதைக் காப்பாற்றலாமென்றும் தோன்றும். இரண்டும் ஆகா. ஒரு மூட்டைத் தவிட்டின் விலை பெரிதுதான். ஆயினும் கறவை மாட்டின் விலை அதனினும் பெரிது. அம்மாட்டின் பாலைக் குடிக்கும் குழந்தைக்கோ விலையே இல்லை. மூட்டையை முழுவதும் விலக்கிவிடுவதே விவேகம். கடையைவிட்டுப் புறப்படுமுன் மூடியைத் திருகிப் பார்ப்பதும், மருந்தைத் தனியே வைப்பதும் சில நிமிஷ வேலையே. அச்சில நிமிஷங்களைச் செலவிட்டால் இந்நஷ்டமும் நேராது.