சாப்பாட்டு வாசம் பட்டாலே ஓங்கரிக்கும் குழந்தை: இதெல்லாம் தெரியுமா?

முட்டை வேகிற வாசம் வந்ததுமே சமையலறை வாசலில் நின்று 'உவ்வே' என்று ஓங்கரிக்கும் குழந்தை உங்கள் வீட்டிலும் உண்டா? "எல்லாம் பிடிவாதம், ரெண்டு போட்டா சரியாயிடும்" என்கிறார்களா வீட்டில்? கையை ஓங்குவதற்கு முன்னால் அந்தச் சின்ன மூக்குக்குள் நடக்கிற அதிசயங்களைக் கேளுங்கள்!

பிறப்பதற்கு முன்பே குழந்தை வாசம் பிடிக்கும், தெரியுமா? அம்மா சாப்பிட்டதன் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் கர்ப்பிணிகளைக் கேரட் சாறு குடிக்க வைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் கேரட் கலந்த கூழ் கொடுத்தபோது முகம் சுளிப்பது குறைவாக இருந்தது! 2001-ல் வெளியான ஆய்வு இது. அதற்கு 10 ஆண்டுகள் முன்பு அதே மையம் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தது. பாலூட்டும் தாய் பூண்டு சாப்பிட்டால் சுமார் 2 மணி நேரத்தில் பாலில் பூண்டு மணம் ஏறுகிறது, குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பை விடாமல் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு உரித்துப் போடும் நம் பாட்டிகள் இதைக் கேட்டால் எவ்வளவு பூரித்துப்போவார்கள்!

சரி, ஓங்கரிப்பு ஏன் இத்தனை வேகமாக வருகிறது? கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையின் தலாமஸ் என்ற பகுதியில் நின்று பிறகுதான் மேலே போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது! மூக்கிலிருந்து மூளையின் வாசனைக் குமிழுக்கு, அங்கிருந்து நேராக, அச்சத்தையும் அருவருப்பையும் கிளப்பும் அமிக்டலாவுக்கு. 'இது முட்டை, உடம்புக்கு நல்லது' என்று குழந்தை யோசிப்பதற்குள் தொண்டை இறுகிவிடுகிறது. போதாததற்கு, கைக்குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் பெரியவர்களைவிட முன்னாலேயே இருக்கும், வளர வளரத்தான் பின்னே நகரும்.

மனிதர்களுக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்த ஏற்பிகள் எல்லாருக்கும் ஒரேபோல வேலை செய்வதில்லை! 2020-ல் ஐஸ்லாந்தில் 11,000-க்கும் அதிகமானவர்களிடம் மீன் வாடையை முகரச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள சிலர் அதை உருளைக்கிழங்கு என்றார்கள், கேரமல் என்றார்கள், ரோஜா என்றுகூடச் சொன்னார்கள்! உங்களுக்கு நாக்கில் நீர் ஊற வைக்கும் கருவாட்டு மணம் உங்கள் மகள் மூக்கில் வேறொன்றாகவே விழலாம்.

அந்த மீன் கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்திலமீன் என்ற காரப் பொருள். புளி அமிலம். அமிலம் பட்டதும் இது உப்பாக மாறி, காற்றில் எழும்பும் வேகம் குறைந்துவிடும். மீன் குழம்பில் புளி ஊற்றுவதும் வறுப்பதற்கு முன் எலுமிச்சை பிழிவதும் எத்தனை பெரிய வேதியியல், பாருங்கள்!

காலிஃபிளவர் கதை இன்னும் வியப்பு. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2021-ல் 6 முதல் 8 வயதுக் குழந்தைகளின் எச்சிலை ஆராய்ந்தது. எச்சிலில் உள்ள கிருமிகள் காலிஃபிளவரைக் கந்தக வாடை வீசும் பொருள்களாக உடைக்கின்றன, அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதிகமாக வாடை கிளம்பும் குழந்தைகளுக்கே அந்தக் காய் பிடிக்கவில்லை. பெற்றோரின் எச்சிலும் பிள்ளையின் எச்சிலைப்போலவேதான் இருந்தது! ஆனாலும் பெரியவர்கள் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

முட்டைக்கு வருவோம். நெடுநேரம் வேக வைத்தால் வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மஞ்சள் கருவைச் சுற்றி விழும் பச்சை வளையம் அதன் அடையாளம். வெந்த உடனே குளிர்ந்த நீரில் போட்டால் பெருமளவு தப்பலாம். நம் சத்துணவுக் கூடங்களைப் பாருங்கள்: 2013-ல் தொடங்கிய கலவை சாதப் பட்டியலில் வெறும் அவித்த முட்டைக்குப் பதில் மிளகு முட்டையும் தக்காளி மசாலா முட்டையும் வந்தன. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடும் உண்டு. ஓர் அரசாங்கமே மாற்று வழி வைத்திருக்கும்போது வீட்டில் நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

விருத்தாசலத்துக்காரர்களே, வாடையை அடக்குவதில் உங்கள் ஊர்ப் பீங்கானுக்கும் பங்கு உண்டு தெரியுமா? பழமலைநாதர் கோயில் கொண்ட ஊர் என்று பெயர் பெற்ற விருத்தாசலம், பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும் அதன் தொழில்நுட்பம் கற்றுத்தரும் கல்விக்கூடமும் கொண்ட ஊர். மண்ணில் செய்த பொருளுக்கு மேல் பூசும் கிளேஸ், சூளையில் 1,000 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் உருகிக் கண்ணாடித் தோலாகிவிடுகிறது. துளை இல்லாததால் எண்ணெயும் வாடையும் உள்ளே இறங்காது! பிளாஸ்டிக் டப்பா அப்படியல்ல. நேற்றைய சாம்பாரின் எண்ணெய்ப் பசையையும் மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்று வெறும் தயிர் சாதம் வைத்தாலும் குழந்தை மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்புவது அதனால்தான். சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் குழந்தைக்கென்று தனியாக வையுங்கள். உணவுக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்குங்கள், அலங்காரப் பொருளுக்கு அடித்த வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

சூடு ஏற ஏற வாசனை மூலக்கூறுகள் அதிகமாக எழும்பும். ஆவி பறக்கும் சோற்றை முகத்துக்கு நேரே நீட்டாமல் வெதுவெதுப்பாக ஆற விட்டாலே பாதிச் சண்டை ஓயும். தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் குழந்தையைத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள்.

புது உணவைக் கண்டு அஞ்சுவது 2 முதல் 6 வயதுக்குள்தான் உச்சத்தில் இருக்கும். 2007-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தை ஜோடிகளை ஆராய்ந்து, இந்த அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டில் 78 சதவீதத்துக்கு மரபணுவே காரணம் என்று கணக்கிட்டார்கள். அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்லும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்! ஆனால் பழக்கத்தால் மாறும். ஒரே உணவைச் சின்னத் துணுக்காக, வற்புறுத்தாமல், 8 முதல் 15 முறை தட்டில் வைத்தால் பல குழந்தைகள் ஏற்கத் தொடங்குகிறார்கள். மூன்றாம் முறையே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டுவதுதான் நம் தவறு. வாயைத் திறந்து திணித்தாலோ, அந்த வாசத்தோடு பயமும் சேர்ந்து பதிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். ஓங்கரிப்பில் சத்தம் வரும், இருமல் வரும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால் அது அடைப்பு, உடனே உதவி வேண்டும். எடை ஏறவில்லை, தினமும் வாந்தி, சாப்பிடும் உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். வாசம், பதம் போன்றவை தாங்காமல் உணவைத் தவிர்ப்பதை 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் ஒரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்த உணர்திறன் கூடுதல். இதற்குப் பயிற்சி உண்டு, சிகிச்சை உண்டு. அடி மட்டும் வேண்டாம், தாய்மார்களே!