காடு என்பது எது?

தமிழில் ‘காடு’ என்னும் சொல் ஒரே பொருளோடு நின்றதில்லை. முல்லைத் திணைக்குரிய நிலம் காடு. கொங்கு நாட்டு உழவர்க்கு மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலமும் காடே. வெள்ளக்காடு என்னுமிடத்து அது மிகுதியைச் சுட்டும். மலாயாவுக்கு வந்த தமிழர் ரப்பர்த் தோட்டத்தையும் பால்மரக் காடு என்றனர். இந்நாட்டுத் தோட்ட வாழ்வைப் பாடிய அகிலனின் புதினத்திற்குப் பெயரே ‘பால்மரக் காட்டினிலே’ என்பதாகும்.

இப்பொருள்விரிவு இலக்கியத்திற்கு வளம் சேர்ப்பது. வணிகப் படிவத்தில் அதுவே இடராகக் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டு காடழிப்பற்ற பொருள்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. கால்நடை, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து பெறப்படும் பொருள்கள் பலவும் இதற்கு உட்பட்டவை. 2020 டிசம்பர் 31-க்குப் பின்னர்க் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவற்றை அங்கு விற்க இயலாது. விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு இணங்க விளைந்திருத்தலும் வேண்டும். இருமுறை தள்ளிவைக்கப்பட்ட இச்சட்டத்தின் நடைமுறை நாள், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 ஆகும்.

இச்சட்டத்தில் காடு என்பது எது? அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பும், 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்களும், 10 விழுக்காட்டிற்கு மேற்பட்ட தழைப்பரப்பும் கொண்ட நிலம் காடு எனப்படும். ஆயினும் வேளாண் தோட்டங்கள் இவ்வரையறையில் சேரா. எனவே, ரப்பர் மரம் எவ்வளவு ஓங்கி நின்றாலும் ரப்பர்த் தோட்டம் காடாகாது.

சுங்கை பாக்காப் வட்டாரத்திற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. இங்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதன்பின் செம்பனையும் பயிராயின. முதிர்ந்த ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட சிறுதோட்டக்காரர் ஒருவர், “காட்டை அழித்துத்தான் நட்டோம்” என்று இயல்பாகச் சொல்லக்கூடும். தமிழ்ப் பேச்சில் அது பிழையன்று. ஆனால், அச்சொல் படிவத்தில் அப்படியே ஏறினால், குற்றமற்ற அவர் காடழித்தவராகத் தோன்றுவார். அவருடைய பழக்குலையை வாங்க ஆலை தயங்கும்.

ஆலை தயங்குவதற்குக் காரணம் உண்டு. பல தோட்டங்களின் குலைகள் வியாபாரியின் லாரியில் ஒன்றாகி, ஆலையில் ஒரே எண்ணெயாகின்றன. மூலம் அறியாத குலைகள் கலந்துவிட்டால், அவ்வெண்ணெய் முழுவதும் ஐரோப்பாவிற்குச் செல்லும் தகுதியை இழக்கும். ஆதலின் நிறுவனங்கள் விளைநிலத்திலிருந்து துறைமுகம் வரை தடமறியும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். வழங்குவோர் பட்டியல், நில உரிமைப் பத்திரம், துணைக்கோள் படங்களுடன் ஒப்பீடு, மூலம் அறியாச் சரக்கைப் பிரித்து வைத்தல் ஆகியன அதன் படிகள். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்திற்கு எல்லைக் கோடு முழுவதும் தேவை. அதற்கு உட்பட்ட நிலத்திற்கு ஒரு புள்ளியின் அகலாங்கும் நெட்டாங்கும் போதும். அவை ஆறு தசம இடங்கள் வரை குறிக்கப்பட வேண்டும். ஆறாம் இடம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும்.

2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் இவ்வாவணங்கள் பலவற்றைத் திரட்ட உதவுகிறது. எனினும், ஐரோப்பியச் சட்டம் கோரும் ஆய்வுக்கு அச்சான்றிதழ் மாற்றாகாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஆற்றத்தக்க பணி ஒன்று உண்டு. படிவத்தை நிரப்பும் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் ‘காடு’, ‘தோட்டம்’, ‘மறுநடவு’ என்னும் மூன்று சொற்களின் எல்லையை விளக்குங்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தவர் ‘மறுநடவு’ என்றே எழுதட்டும். எந்த ஆண்டு, எந்த மரம் என்பதையும் உடன் குறிக்கட்டும். பேச்சில் பால்மரக் காடு என்றும் வாழட்டும். படிவத்தில் அது ரப்பர்த் தோட்டம் என்றே நிற்க வேண்டும்.