பூச்சிக்கு இட்டது பச்சோந்திக்கு

பச்சோந்தி காற்றை உண்டு வாழும் பிராணி என்று பண்டைய உரோமர்கள் நம்பினர். கி. பி. 79 ஆம் ஆண்டில் இறந்த பிளினி என்னும் பேரறிஞரும் தாம் இயற்றிய இயற்கை வரலாற்று நூலில் அவ்வாறே எழுதி வைத்தார். மணிக்கணக்காக ஒரே கொம்பில் அசையாதிருக்கும் பிராணியைக் கண்டவர்கள் அங்ஙனம் எண்ணியதில் வியப்பில்லை. அது நாவை நீட்டுவதும் இரையைக் கவர்வதும் கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழ்ந்து விடுகின்றன.

உண்மையில் பச்சோந்தி பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதன் நா உடலின் நீளத்தையும் மிஞ்சி நீளவல்லது. நாவின் நுனியிலுள்ள பசை, மனிதனின் உமிழ்நீரைப் பார்க்கிலும் ஏறக்குறைய 400 மடங்கு பிசுபிசுப்பானது என்பதை 2016 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் அளந்து வெளியிட்டனர்.

மேல்நாடுகளிலே பச்சோந்தியை வீட்டில் வைத்து வளர்ப்போர் இன்று பலர். அவர்கள் பெரிதும் விரும்புவன இரண்டு இனங்கள். ஒன்று, யெமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் வாழ்வது. தலையிலே முடி சூடியது போன்ற உயர்ந்த கொண்டையை உடையது. மற்றையது, மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தி. கூடு, விளக்கு, செடி ஆகியவற்றைப் பணம் பாராது வாங்குவோர், உணவு என்று வரும்போது மட்டும், “பூச்சிதானே! எதுவாயினும் போதும்” என்று இருந்து விடுகின்றனர். அவ்வலட்சியமே அப்பிராணியின் உயிருக்கு உலையாகின்றது.

வயிறு நிறைந்த பட்டினி

ஒரு வீட்டை மனத்திற் கற்பனை செய்து கொள்வோம். பிறந்த நாட் பரிசாக ஒரு சிறுவனுக்குப் பச்சோந்திக் குஞ்சொன்று கிடைக்கின்றது. கடையிலே பெட்டியில் விற்கும் சுவர்க்கோழிகளை நாள்தோறும் அவன் அதற்குக் கொடுக்கிறான். அது ஆவலுடன் உண்கின்றது, வளர்கின்றது. சில மாதங்கள் கழிகின்றன. ஒரு நாட் காலையில், கொம்பைப் பற்ற மாட்டாமல் அது கீழே விழுந்து கிடக்கக் காண்கிறான். கால்கள் வளைந்திருக்கின்றன. தாடை மெத்தென்று இருக்கின்றது. நீட்டிய நாவை உள்ளே இழுக்கவும் அதற்கு வலிமை இல்லை. “நான் ஒரு வேளையாவது பட்டினி போடவில்லையே!” என்று பிள்ளை அழுகிறான்.

பிள்ளை கூறியது உண்மை. வயிறு பட்டினி கிடக்கவில்லை; எலும்புதான் பட்டினி கிடந்தது. பூச்சிக்கு நம்மைப் போல எலும்பு கிடையாது. அதன் உடலைத் தாங்குவது கைற்றின் என்னும் பொருளாலான மேலோடு. ஆகவே பூச்சியின் உடலிற் கல்சியம் மிகக் குறைவு. சுவர்க்கோழியில் ஒரு பங்கு கல்சியத்துக்கு ஏறக்குறைய ஏழு பங்கு பொசுபரசு உண்டு. பச்சோந்திக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. பொசுபரசைப் போல ஒன்றரை முதல் இரு மடங்கு கல்சியம் வேண்டும். உணவிற் கிடையாதபோது உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கல்சியம் ஊட்டுகின்றது. அதன் விளைவே அந்த வளைந்த கால்கள்.

எவற்றைத் தெரிந்தெடுப்பது?

முதலாவது விதி, ஒரே பூச்சியை நம்பியிராமை. சுவர்க்கோழி நல்ல உணவே. துள்ளித் திரிவதால் பச்சோந்தியின் கண்ணை எளிதிற் கவரும். ஆயினும், 2009 முதல் 2011 வரையான காலத்தில் வட அமெரிக்காவின் சுவர்க்கோழிப் பண்ணைகளில் ஒருவகை வைரசு நோய் பரவி, பண்ணை பண்ணையாக அழித்தது. ஒன்றையே நம்பியிருந்தோர் அப்போது திண்டாடினர்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த டுபியா என்னும் கரப்பொத்தான் மற்றொரு நல்ல உணவு. அது குஞ்சு பொரித்தே ஈனும், இரைச்சல் இடாது, வழுவழுப்பான சுவரில் ஏறவும் மாட்டாது. ஆயினும், எல்லா நாடுகளிலும் அதனை வைத்திருக்க அனுமதியில்லை; வாங்குமுன் சட்டத்தை விசாரித்தறிதல் வேண்டும். முசுக்கட்டை இலை தின்று வளரும் பட்டுப்புழு மென்மையானது, எளிதிற் செமிக்கும். கறுப்புச் சிப்பாய் ஈ எனப்படும் ஈயின் புழுவோ இவ்வுணவுகளுள் ஒரு புறநடை. அதில் மட்டும் பொசுபரசிலும் கல்சியமே மிகுதி.

தவிட்டில் வளரும் மாப்புழுவிலே கொழுப்பு அதிகம், தோலும் தடிப்பானது. தேன்கூட்டைத் தின்று கெடுக்கும் மெழுகுப்புழுவில் கொழுப்பு இன்னும் அதிகம். இவ்விரண்டையும் பிள்ளைகளுக்கு இனிப்புப் பண்டம் கொடுப்பது போல இடையிடையே கொடுக்கலாம். சோறு போல நாள்தோறும் கொடுத்தல் ஆகாது. பூச்சியின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சலாகாது என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் அளவு.

தோட்டத்திற் பிடித்த பூச்சியைக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. அது பூச்சிகொல்லி பட்ட இலையைத் தின்றிருக்கக்கூடும். மின்மினியை ஒருபோதும் கொடுத்தலாகாது. அமெரிக்க மின்மினிகளின் உடலிலுள்ள நஞ்சினால், அவற்றை விழுங்கிய வளர்ப்பு ஓணான்கள் சிறிது நேரத்துள் இறந்தமையை ஆய்வாளர்கள் எழுதி வைத்துள்ளனர்.

பூச்சிக்கும் ஒரு வீடு

பூச்சிகளை வாங்கிய பெட்டியிலேயே விட்டு வைப்பது தவறு. உட்புறம் வழுவழுப்பான, ஆழமான பாத்திரம் ஒன்றில் அவற்றைக் குடியேற்றுதல் வேண்டும். மூடிக்கு உலோக வலையே தக்கது. பிளாஸ்டிக் வலையைச் சுவர்க்கோழி கடித்து ஓட்டையாக்கி விடும். கடதாசி முட்டைத்தட்டுகளை உள்ளே நிமிர்த்தி வைத்தால் ஒளிந்திருக்க இடம் கிடைக்கும், நெரிசல் குறையும். நெரிசலும் தாகமும் நேர்ந்தால் சுவர்க்கோழிகள் ஒன்றையொன்று தின்னும்.

கிண்ணத்தில் நீர் வைத்தால் சிறு பூச்சிகள் விழுந்து இறக்கும். கரட் துண்டோ தோடம்பழத் துண்டோ அவற்றின் தாகத்தைத் தீர்க்கும். வாடிய துண்டுகளையும் இறந்த பூச்சிகளையும் நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். பாத்திரத்திலிருந்து மூக்கைத் துளைக்கும் நாற்றம் எழுமாயின், ஈரமும் அழுக்கும் மிகுந்து விட்டன என்பது பொருள். மாப்புழுவைத் தவிட்டுடன் குளிர்ப் பெட்டியில் வைத்தால் அதன் வளர்ச்சி தாமதமாகும். பல வாரம் கெடாதிருக்கும்.

இனி, இவை யாவற்றிலும் முக்கியமானதொன்று. பூச்சியைக் கொடுப்பதற்கு 24 முதல் 48 மணித்தியாலம் முன்னதாக அதற்கு நல்ல விருந்து இடுதல் வேண்டும். பசுமையான கீரை, கரட், பூசணி, வற்றாளைக் கிழங்கு ஆகியவற்றை அது வயிறார உண்ணட்டும். பச்சோந்தி விழுங்குவது பூச்சியை மட்டுமன்று, பூச்சியின் வயிற்றிலுள்ளதையும் அல்லவா? பட்டினி கிடந்த பூச்சி வெறுங்கூடு.

அதன் பின்னர், ஒரு பையிலே பூச்சிகளையும் சிறிது கல்சியம் காபனேற்றுத் தூளையும் இட்டு மெல்லக் குலுக்கி, உடனே கொடுத்தல் வேண்டும். தாமதித்தால் பூச்சி தன் உடலைத் துடைத்து, தூளை உதிர்த்து விடும். ஊதாக் கடந்த கதிர் வீசும் விளக்கு இல்லையாயின் உடலில் விற்றமின் டீ உண்டாகாது. உண்ட கல்சியமும் பயன்படாது. விற்றமின் தூள்களை மிதமிஞ்சிக் கொடுப்பதும் தீதே. வளரும் குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டொரு நாளும் உணவு போதும். எஞ்சிய சுவர்க்கோழிகளை இரவுக்கு முன் கூட்டிலிருந்து அகற்றுதல் அவசியம்; உறங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும்.

நம் நாட்டுப் பச்சோந்தி

இக்கட்டுரையை வாசிக்கும் சிறுவர் சிறுமியர் சிலருக்கு, “நாமும் ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன?” என்ற ஆசை எழலாம். மன்னார், புத்தளம் முதலான வறண்ட பகுதிகளில் பச்சோந்தி உண்டு. அது சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதனைப் பிடிப்பதும் கூட்டில் அடைப்பதும் குற்றம்.

சட்டம் ஒரு புறமிருக்க, அதற்கு நம் கையால் ஊட்ட வேண்டிய தேவையும் இல்லை. வெட்டுக்கிளி, ஈ, வண்டு என நாளுக்கொன்றாக அது உண்கின்றது. அப்பூச்சிகளோ பல்வகை இலைகளை உண்டவை. அதன் தலைக்கு மேலே சூரியன் காய்கின்றது. மேல்நாட்டார் பெட்டியும் தூளும் விளக்கும் கொண்டு செய்ய முயல்வதை வேலியோரத்துப் பற்றைக்காடு தானே செய்து முடிக்கின்றது. அக்காட்டை வெட்டாமலும், அங்கே நஞ்சு தெளிக்காமலும் விட்டு வைப்பதே நம் நாட்டுப் பச்சோந்திக்கு நாம் இடக்கூடிய நல்லுணவு.