தூங்குவது சிப்பா, போர்டா?

பேட்டரியில் ஓடும் வைஃபை கருவி எத்தனை நாள் தாங்கும் என்பதில், அது வேலை செய்யும் சில விநாடிகளைப் போலவே, சும்மா இருக்கும் நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை அளந்து பார்ப்போம். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஈஎஸ்பி32 சிப்பையே எடுத்துக்கொள்ளலாம்.

வைஃபையில் தகவல் அனுப்பும்போது இது 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். லைட் ஸ்லீப்பில் 0.8 மில்லி ஆம்பியர். டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோ ஆம்பியர்தான். உச்சத்தில் இழுப்பதில் 24,000-இல் ஒரு பங்கு. லைட் ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் புரோகிராம் விட்ட இடத்திலிருந்து தொடரும். டீப் ஸ்லீப்பில் பிராசசர், பிரதான மெமரி, வைஃபை எல்லாம் அணைந்துவிடும். ஆர்டிசி என்ற சிறு பகுதி மட்டும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். எழுந்ததும் புரோகிராம் முதலிலிருந்து ஓடும். ஆகவே நினைவில் நிற்க வேண்டியதை ஆர்டிசி மெமரியில் போட்டுவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

இந்த 10 மைக்ரோ ஆம்பியரை நம்பி, கடையில் வாங்கிய போர்டை பேட்டரியில் மாட்டுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். டேட்டா ஷீட் சொல்வது சிப்பின் கணக்கு. போர்டில் அதைத் தவிர யூஎஸ்பி சிப் இருக்கிறது, எப்போதும் எரியும் சிவப்பு எல்ஈடி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக 1117 வகை ரெகுலேட்டர் இருக்கிறது. சும்மா இருக்கவே அதற்கு 5 மில்லி ஆம்பியர் வேண்டும், அதாவது தூங்கும் சிப்பைப் போல 500 மடங்கு.

கணக்குப் போடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, மூன்று விநாடி சராசரியாக 100 மில்லி ஆம்பியர் இழுத்துவிட்டுத் தூங்கும் கருவிக்கு மொத்தச் சராசரி சுமார் 0.51 மில்லி ஆம்பியர். 2,500 எம்ஏஎச் பேட்டரி 200 நாள் தாங்க வேண்டும். ரெகுலேட்டரின் 5 மில்லி ஆம்பியரையும் சேர்த்தால் 19 நாள்! புரோகிராமில் ஒரு பிழையும் இல்லாமலே இது நடக்கும். 1.6 மைக்ரோ ஆம்பியரில் அடங்கிவிடும் எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டர்கள் கிடைக்கின்றன. அதன் உச்ச வரம்பு 250 மில்லி ஆம்பியர்தான் என்பதால் பக்கத்தில் ஒரு நல்ல கெப்பாசிட்டர் அவசியம்.

பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்க இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போடுவது வழக்கம். 4.2 வோல்ட்டில் அவை மட்டுமே 21 மைக்ரோ ஆம்பியரைக் கசியவிடும். தூங்கும் சிப்பைப் போல இரண்டு மடங்கு! யாரும் இதைக் கவனிப்பதில்லை.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே சுமார் 100 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். மைக்ரோ ஆம்பியர் ஓடும்வரை அது தெரியாது. சிப் விழித்து 100 மில்லி ஆம்பியர் கேட்டதும் அந்த ரெசிஸ்டரே மொத்த வோல்டேஜையும் விழுங்கிவிடும். சிப் ரீசெட் ஆகும், திரும்ப எழும், திரும்ப ரீசெட் ஆகும். பார்க்கிறவர் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். வழி எளிது: மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் ஒயரைப் போட்டு போர்டை ஆன் செய்யுங்கள். அது தூங்கியதும் ஒயரை எடுத்துவிட்டு ரீடிங்கைப் பாருங்கள். மறுபடி எழுவதற்குள் ஒயரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

மீட்டர் காட்டுவது அந்தக் கணத்தின் எண் மட்டுமே. முழுச் சுற்றையும் பார்க்க நார்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் கிட் 2 போன்ற கருவி வேண்டும். நானோ ஆம்பியரிலிருந்து 1 ஆம்பியர் வரை ஒரே வரைபடத்தில் காட்டும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் இதற்குப் பணம் ஒதுக்குவது நல்லது என்பேன்.

அந்த வரைபடத்தில் கண்ணை உறுத்துவது வைஃபை இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம். ரௌட்டரைத் தேடுவதிலும் ஐபி முகவரி கேட்பதிலுமே பெரும்பகுதி போகும். சேனல் எண்ணையும் ரௌட்டரின் அடையாளத்தையும் ஆர்டிசி மெமரியில் வைத்துக்கொண்டு, நிலையான ஐபி கொடுத்து, மூன்று விநாடியை ஒன்றாகக் குறைத்தால் 200 நாள் ஒன்றரை வருடத்தைத் தாண்டும். அதற்கான புரோகிராமை அடுத்த வாரம் வரிவரியாக எழுதிப் பார்ப்போம்.