கையில காசு, வாயில தோசை

இணையத்தில் பொருளை ஏலம் விடத் தொடங்கிய காலத்தில் பயம் முழுவதும் வாங்குபவர் பக்கம்தான். கண்ணால் பார்க்காத கேமராவுக்கு, முகம் தெரியாத ஆளுக்கு முதலில் பணம் அனுப்ப வேண்டியவர் அவர். 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் கலிபோர்னியாவில் தொடங்கி, பிறகு ஈபே என்று பெயர் பெற்ற தளத்தில், ஆரம்ப நாட்களில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். 14.83 டாலர். 'உடைந்தது என்று தெரிந்துதான் கேட்டீர்களா?' என்று ஒமிடியாரே விசாரித்தாராம். தெரியும், உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். வாங்குகிறவருக்காக விற்கிறவர் கவலைப்பட்ட காலம் அது.

அப்போது பணம் தபாலில் வந்தது, காசோலையாகவோ மணியார்டராகவோ. காசோலை வங்கியில் பாஸாகும்வரை பொருள் விற்பவர் வீட்டிலேயே இருக்கும். அவசரமில்லை. நம்மூரில் 2000-ல் பாஸீ.காம் வந்தது, 2004-ல் ஈபே அதை வாங்கியது. பிறகு வந்த 'பைசாபே' முறையில் வாங்குபவரின் பணத்தைத் தளமே பிடித்துவைத்துக்கொண்டு, பொருள் அனுப்பப்பட்ட பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. நடுவில் ஒரு பஞ்சாயத்துக்காரர் இருந்தார் என்று சொல்லலாம்.

விற்பவரை ஏமாற்றுகிறவர்கள் அன்றும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் லேப்டாப்பை ஏலத்தில் விட்டவருக்கு, பேசிய விலையைவிடக் கூடுதல் தொகைக்கு வங்கி செக் ஒன்று வரும். மிச்சத்தை 'எங்கள் ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு' அனுப்பிவிடுங்கள் என்று ஒரு கடிதமும் கூடவே வரும். செக் உண்மையா என்று தெரிவதற்கு முன்பே அந்தத் தொகையை எடுக்க அங்குள்ள வங்கிகள் அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கில் பணம் தெரிந்ததும் விற்றவர் மிச்சத்தை அனுப்புவார், லேப்டாப்பையும் அனுப்புவார். சில வாரங்கள் கழித்து செக் போலி என்று திரும்பும். வங்கி முழுத்தொகையையும் அவரிடமே வசூலிக்கும். கணக்கில் பணம் தெரிவது வேறு, பணம் வந்து சேர்வது வேறு என்பதைப் பலர் இப்படித்தான் படித்தார்கள்.

இன்று நம் ஊரில் ஏலமே இல்லை. ஈபே இந்தியாவை 2017-ல் ஃபிளிப்கார்ட் எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு ஆகஸ்டில் மூடிவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவை ஓஎல்எக்ஸ் மாதிரியான விளம்பரத் தளங்கள். விளம்பரம் போட்டு ஆளைச் சேர்த்துவிடுவதோடு சரி. பேரமும் பணமும் இரண்டு பேருக்குள். பஞ்சாயத்துக்காரர் கழன்றுகொண்ட அதே காலத்தில்தான், 2016-ல், யுபிஐ வந்தது. பணம் நொடியில் போகும். போனது தானாகத் திரும்பாது.

நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு லேப்டாப்பை விளம்பரம் போட்டுப் பாருங்கள். நிஜமாக வாங்க நினைக்கிறவர் 'லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?' என்பார், பேட்டரியைக் குறை சொல்வார், பாதி விலைக்குக் கேட்டு உங்களை எரிச்சல்படுத்துவார். மோசடிக்காரர் பேரமே பேசமாட்டார். எனக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தெரியவில்லை. பழைய பொருளுக்குச் சொன்ன விலையை அப்படியே தருகிறேன் என்பவரைக் கண்டால் மகிழ்ச்சி வரக்கூடாது, சந்தேகம் வரவேண்டும்.

அவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். அடையாள அட்டையின் படத்தை, கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நேரில் வர லீவு இல்லை, வண்டி அனுப்புகிறேன் என்பார். சோதனைக்காக ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ நிஜமாகவே வரும். அடுத்து ஒரு க்யூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார், அமவுண்ட் உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்." ஏறாது, இறங்கும். கோடை ஸ்கேன் செய்ததும் பின் நம்பர் கேட்டால் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். வரும் பணத்துக்கு அது தேவையே இல்லை. பதறிப்போய்த் திரும்பக் கேட்டால், 'தப்பா போயிடுச்சு, திருப்பித் தர்றேன்' என்று இன்னொரு கோடு வரும். அதையும் ஸ்கேன் செய்து இரண்டாம் முறையும் இழந்தவர்கள் உண்டு. தனிநபருக்குத் தனிநபர் 'பணம் கேட்கும்' கோரிக்கையை 2025 அக்டோபர் முதல் யுபிஐ-யில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கோடை ஸ்கேன் செய்து நீங்களே பணம் செலுத்தினால் அதை யார் தடுப்பது? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால் பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும்.

நேரில் வருகிறவரிடமும் கவனம் வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாக அவர் காட்டும் திரை போலிச் செயலியாக இருக்கலாம். அவர் போனைப் பார்ப்பதில் பயனில்லை, உங்கள் கணக்கின் இருப்பைப் பாருங்கள்.

ஏலம் இன்னும் நடக்கும் வெளிநாட்டு ஈபேயிலும் தராசு வாங்குபவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வாங்கியவருக்கு எதிராக விற்றவர் மோசமான மதிப்பெண் போட முடியாது என்று 2008-ல் விதி மாறியது. 'சொன்ன மாதிரி இல்லை' என்று புகார் செய்தால் பொருளைத் திரும்பப் பெற்றாக வேண்டும். பெட்டியில் அதே மாடலின் உடைந்த போன் வருவதும் உண்டு, வெறும் பெட்டி வருவதும் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சீரியல் நம்பரைப் படம் எடுத்து, பேக் செய்வதை வீடியோ பிடித்து, தளம் காட்டும் முகவரிக்கு மட்டும் அனுப்புகிறார்கள். 750 டாலருக்கு மேல் என்றால் கையெழுத்து வாங்கும் டெலிவரிதான்.

நம்மூரில் புதிதாக ஒரு தலைவலி: பணம் நிஜமாகவே வந்து, அதனாலேயே மாட்டிக்கொள்வது. உங்களுக்கு வந்த தொகை வேறொருவரிடம் திருடியது என்றால், அவர் கொடுத்த புகாரின் பேரில் உங்கள் கணக்கு முடங்கும். போனை விற்ற பணம்தான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. எனவே வாங்குபவரின் அடையாள அட்டை நகல், ஐஎம்இஐ எண், விலை, தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் அவசியம். பணமும் அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே வரட்டும். அவரும் சும்மா இருக்கமாட்டார். போன் திருட்டுப் போனதா என்று ஐஎம்இஐ எண்ணை அரசின் 14422 எண்ணுக்கு அனுப்பிப் பார்ப்பார், பழைய பில்லைக் கேட்பார். கேட்கட்டும், நல்லதுதான்.

இப்போதெல்லாம் ஆள்நடமாட்டமுள்ள மொபைல் கடையிலோ மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலோதான் சந்திப்பு. விற்பவர் தன் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அழித்து, புதிதாகத் திறந்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவரால் அதைப் பயன்படுத்த முடியாது. காட்டும்போது போன் விற்பவர் கையிலேயே இருக்கும். கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் கை மாறும்.