தரவுக் கசிவும் நுகர்வோர் இழப்பீடும்: 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் இடைவெளி

தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழிவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அத்தொகை யாரைச் சேர்கிறது? 34ஆம் பிரிவின்படி இந்தியத் தொகுப்பு நிதியை. வங்கி விவரம் கசிந்து பணம் இழந்த நுகர்வோருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

முன்னர் நிலை இவ்வாறு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 43ஏ பிரிவு, நிறுவனத்தின் கவனக்குறைவால் நுண்ணியல்புடைய தனிநபர் தரவு கசிந்து இழப்புற்றவர் இழப்பீடு பெற வழிசெய்தது. புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவு அதனை நீக்க வகைசெய்கிறது. தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் அதிகாரத்துக்குட்பட்டவற்றை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிப்பதையும் 39ஆம் பிரிவு தடுக்கிறது. பொய் முறையீடு செய்பவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க மட்டும் சட்டம் மறக்கவில்லை.

எஞ்சுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நுகர்வோர் நம்பி அளித்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை அதன் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ‘வெளியிடுதல்’ என்னும் சொல் திருட்டால் நேரும் கசிவையும் தழுவுமா என்பது நுகர்வோர் ஆணையங்கள் விடைகாண வேண்டிய வினா.